உதாரண வாக்கியம்

வயிறு இரையும் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. போர்போரிக்மஸ். கிரேக்கத்திலிருந்து வந்தது. யாரோ ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அதை அப்படியே வாயால் திருப்பிச் சொல்லிப் பார்க்க, அதுவே சொல்லாகிவிட்டது. பள்ளிக்கூட நூலகத்தில் அகராதியைப் புரட்டும்போது இதைக் கண்டுபிடித்தவன் ஷிஹான். அது நோன்பு மாதம். அன்று மாலை எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, நோன்பு திறக்கும் பாங்கு எப்போது கேட்கும் என்று மூச்சுவிடாமல் காத்திருந்த அமைதியில், அவனுடைய வயிறு அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிக் காட்டியது. தங்கை சஹ்லா பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி உருண்டு உருண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அண்ணன் அவளுக்குப் போர்போ நானா.

சஹ்லா வளர்ந்து, அப்படியான சொற்களையே தொழிலாக்கிக்கொண்டாள். லண்டனிலிருந்து ஒரு சிறிய குழு நடத்தும் செயலி அது. நாளுக்கு ஓர் அரிய ஆங்கிலச் சொல்லை, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற சொல் பைத்தியங்களின் கைபேசிகளுக்கு அனுப்பும். அந்தச் சொல்லின் பொருளையும் அது பிறந்து நடந்து வந்த வழியையும் எழுதி, கடைசியில் ஓர் உதாரண வாக்கியமும் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டில், ரயில் போகும் நேரமெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும் அறையில் இருந்து அவள் அதைச் செய்தாள்.

வேலை விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனும் ஷிஹான்தான். "பைத்தியத்துக்குச் சம்பளம் தாறாங்களாம். அப்ளிகேஷனைப் போடு," என்றான். அவளுடைய முதல் சொல் வந்த அன்றே போர்போ என்ற பெயரில் அந்தச் செயலியில் சேர்ந்தான்.

உம்மா பஹ்மியாவுக்குத்தான் அந்தத் தொழில் கடைசிவரை நம்பிக்கை தரவில்லை. "வயித்துச் சத்தத்துக்கு ஒரு பேரை வச்சு, அதை எழுதினா சம்பளமும் குடுக்கிறானுகளா?" என்று கேட்பார். "அப்ப உன்ட வாப்பாட குறட்டைக்கும் ஒண்டு தேடிக் குடு மகள். நாங்க மாளிகை கட்டிருவம்."

உதாரண வாக்கியத்துக்கென்று சட்டங்கள் இருந்தன. சமயம் கூடாது. அரசியல் கூடாது. நோயும் சாவும் கூடாது. வாக்கியத்தில் வருகிறவர்கள் மழை வரும் என்று குடை எடுத்துப் போகிறவர்களாகவும், கூட்டத்துக்குத் தாமதமாக வந்து சேருகிறவர்களாகவும் இருந்தால் போதும். எழுதியதை லண்டனில் ஒரு பெண் பார்ப்பார். சஹ்லா அவருடைய முகத்தைக் கண்டதில்லை. திருத்தங்கள் மட்டும் மஞ்சள் பெட்டிகளாக, மரியாதையாக, ஓரத்தில் வந்து நிற்கும்.

ஷிஹான் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தான். அங்கே அவனுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் நதீஷா. கொட்டாஞ்சேனைப் பெண். செவ்வாய்க்கிழமைகளில் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவள். அவளைத்தான் கல்யாணம் முடிப்பேன் என்று ஒருநாள் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஷிஹான் சொன்னான். அவள் இஸ்லாத்துக்கு மாறுவாளா என்று வாப்பா ஷரீப் கேட்டார். அதை அவளிடம் கேட்கமாட்டேன் என்றான். வாப்பா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

கத்தியது உம்மாதான். ஷிஹான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது, அவர் படிக்கட்டின் உச்சியில் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னார்: "போ. ஆனா என்ட மௌத்துக்கும் நீ வரக்கூடாது. அல்லா மேல சத்தியமாச் சொல்றன். என்ட மய்யித்து முகத்துலயும் நீ முழிக்கக்கூடாது."

தன் சாவுக்கும் வராதே என்றதைக் கேட்டு ஷிஹான் பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தான். "சரி உம்மா," என்றான்.

அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டு நடந்தவனில்லை. இருட்ட முன்னம் வா என்றால் இருட்டிய பிறகு வருவான். கடலுக்குப் போகாதே என்றால் ஈரத் தலையோடு வந்து நிற்பான். அப்படிப்பட்டவன் அன்று சரி என்றான்.

அவனும் நதீஷாவும் கனடாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டார்கள். தொலைபேசி எண் மாறியது. முகநூல் பக்கம் மூடிப்போனது. வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. தன் கடையைப் பூட்டிவிட்டு வந்த பிறகு வாப்பா சில வேளை கைபேசியை எடுப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார். ஒன்றையும் தொடாமல் திரும்ப மேசையில் கவிழ்த்து வைப்பார். ஆசைதான், ஆனால் கையை அசைக்கும் அளவுக்கு வலுவில்லாத ஆசை. அதற்கும் ஒரு சொல் உண்டு, வெலீயிட்டி, லத்தீனில் விரும்புதல் என்ற வினையிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு உதாரணம் எழுதும்போது சஹ்லா வாப்பாவை எழுதினாள். மஞ்சள் பெட்டி வந்து, அவரை மாற்றி, உடற்பயிற்சி செய்ய நினைத்த ஒருவரைப் போட்டது.

ஷிஹானிடமிருந்து மிஞ்சியது ஒரு தீச்சுடர். ஒருநாளும் விடாமல் சொல்லைத் திறந்து பார்க்கிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் செயலி ஒரு சிறிய சுடரை ஏற்றி வைக்கும். ஒருநாள் தவறினால் அது அணைந்துவிடும். போர்போ என்ற பெயருக்குப் பக்கத்தில் அது எரிந்துகொண்டே இருந்தது. அந்தச் செயலியில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வழியில்லை. ஆனாலும் அண்ணன் எங்கோ ஒரு பனி ஊரில் எழுந்து, கண்ணைக் கசக்கி, அவள் எழுதியதை வாசிக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். இருட்டுக் கடலில் தொலைவில் நிற்கும் கப்பலின் வெளிச்சத்தைக் கரையிலிருந்து பார்ப்பது போல அவள் அதைத் தினமும் பார்த்தாள்.

பிறகு உம்மாவுக்கு நோய் வந்தது. ஈரலில் ஆரம்பித்து எங்கெல்லாமோ போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டார்கள். முதல் சில நாட்கள் உம்மா ரயில்களைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். ஒரு காலையில் வாப்பாவைக் கூப்பிட்டு, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார்.

வாப்பாவுக்கு விளங்கியது. அல்லாவின் மேல் செய்த சத்தியத்தை முறிக்க வேண்டுமென்றால் பத்துப் பேருக்கு உணவு கொடுக்கவேண்டும். எந்தச் சத்தியம் என்று அவர் கேட்கவில்லை. காலி வீதிக்குப் போய்ப் புரியாணிப் பொதிகள் வாங்கி, பள்ளி வாசலிலும் ஸ்டேஷனடியிலும் தன் கையால் கொடுத்துவிட்டு வந்தார்.

"அல்லாட்ட திருப்பி எடுத்திட்டன்," என்றார் உம்மா சஹ்லாவிடம். "இனி அவன்ட்டத்தான் எடுக்கணும். மாப்புக் கேக்காமப் போக ஏலா மகள். அவனை எனக்குத் தேடித்தா."

சஹ்லா பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நதீஷாவின் தாய் றஞ்சிதத்தின் வீட்டை அவளுக்கு ஓரளவு தெரியும். போய்ப் பார்த்தால் கதவுக்குப் புது நிறம் அடித்திருந்தது. உள்ளே தெரியாத யாரோ சிங்களத்தில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் பெனியனோடு ஒரு பெரியவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு மண்ணிற நாய் படுத்திருந்தது.

"யாரைத் தேடுறீங்க மகள்?"

"றஞ்சிதம் ஆன்ட்டிய. நதீஷாட அம்மா."

"அட, அவங்க போயிட்டாங்களே. மகள் கூப்பிட்டு எடுத்திட்டா. வீட்டை வித்திட்டு, இந்த நாயை ஹியூபேட் தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க." ஹியூபேட் என்று அவர் சொன்னது தன்னையே. "இதுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் இதைப் பிடிக்காது. ரெண்டு பேரும் ஒரு மாதிரி சமாளிக்கிறம்."

"நம்பர் ஏதாவது தந்தாங்களா அங்கிள்?"

"தந்தாங்க. ஒருநாள் எடுத்துப் பாத்தன். அப்படி ஒரு நம்பர் இல்லையாம், ஒரு வெள்ளைக்காரி சொல்றா." அவர் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். "நீங்க ஷிஹான்ட தங்கச்சியோ? ஓம், அதே மூக்கு."

சஹ்லா தலையாட்டினாள்.

"நல்ல பொடியன். போக முந்தின கிறிஸ்மஸுக்கு வட்டிலப்பம் அவிச்சு வீடு வீடாக் கொண்டுவந்து தந்தவன். உம்மாட செய்முறையாம். பெருமை சொல்லி வேலையில்லை." ஹியூபேட் குரலைத் தாழ்த்தினார். "இனிப்புக் கொஞ்சம் கூடிட்டு. நாங்க ஒருத்தரும் சொல்லேல்ல."

வேறொன்றும் இல்லாததால், அந்த வட்டிலப்பக் கதையை மட்டும் கொண்டுவந்து சஹ்லா உம்மாவிடம் கொடுத்தாள். உம்மா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"முட்டை எத்தினை போட்டானாம்?"

"அது தெரியா உம்மா. இனிப்புக் கூடிட்டாம்."

"கூடத்தான் செய்யும். கருப்பட்டிய அளக்கமாட்டான் அவன். கண்ணால பாத்துப் போடுறவன்," என்று சொல்லி உம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மேசையில் உட்கார்ந்தபோதுதான் சஹ்லாவுக்கு அந்த எண்ணம் வந்தது. தினமும் தன்னுடைய ஒரு வாக்கியம் ஷிஹானின் கைக்குப் போகிறதே.

முதலில் ஜென்டாக்யுலர் என்ற சொல்லை எடுத்தாள். அதிகாலைச் சாப்பாட்டைப் பற்றியது. லத்தீனில் வெறும் வயிறு, விரதம் என்ற சொல்லுக்கு உறவு. அதற்கு அவள் எழுதிய வாக்கியத்தில் ஒரு தாய் விடியுமுன் எழுந்து, நோன்புக்கான சஹர் நேரத்தில் பிட்டும் பாபத்தும் சூடாக்கி வைத்துக்கொண்டு, வராத மகனுடைய தட்டையும் எடுத்து வைத்தாள். மஞ்சள் பெட்டி வந்தது. பாபத் என்றால் என்ன? மாட்டின் குடல் என்றால் வாசகர்கள் முகம் சுளிப்பார்களே. சஹர் சமயத்துக்குள் வருகிறதல்லவா? கடைசியில் வெளியான வாக்கியத்தில் ஒரு குடும்பம் கஞ்சி குடித்துவிட்டுச் சுற்றுலா போனது.

அடுத்து எப்ரிசிட்டி. குளிர்காலத்து வெயிலின் இளஞ்சூடு. ஒரு பழைய அகராதியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு, பிறகு யாரும் தொடாமல் கிடந்த சொல். உம்மா நோயாகக் கிடக்கிறாள், அந்த வெயிலை விட்டுவிட்டு வா என்று எழுதினாள். நோய் கூடாது என்று ஒரே வரியில் அது திரும்பி வந்தது. அவள் எழுதியதில் மீதியாகி வெளியானது வெயிலும் ஒரு பூனையும்.

போர்போவின் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அவன் கஞ்சியையும் பூனையையும் வாசித்துவிட்டுப் போயிருப்பான்.

உம்மாவின் வார்த்தைகள் நாளுக்கு நாள் குறைந்தன. மத்தியானத்துக்குப் பிறகு மருந்தின் மயக்கத்தில் கட்டிலுக்கு எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்து மெல்லக் கதைப்பார். மகன் என்பார். நான் கோவத்துல சொன்னன் என்பார். கதிரை ஒன்றும் சொல்லாது. சஹ்லா கதவோரம் நின்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போனாள். பலினோட் என்ற சொல் வெகு நாளாக அவளுடைய குறிப்பில் கிடந்தது.

அன்று பின்னேரம் உம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி அதைச் சொன்னாள். "முன்னம் பாடின ஒரு பாட்டைப் பிழையெண்டு சொல்லி, திருப்பிப் பாடுற பாட்டு உம்மா. கிரேக்கச் சொல். பலின் எண்டா திரும்ப. மிச்சம் பாட்டு. ஒரு பொம்பிளையப் பற்றி ஒருத்தன் கெட்டதாப் பாடி, அவன்ட கண் போயிட்டாம். திருப்பிப் பாடினவுடன பார்வை வந்திட்டாம்."

"அவனுக்குக் கண்தானே போச்சு. எனக்குப் பெத்த பிள்ளையெல்லோ போச்சு," என்றார் உம்மா. பிறகு, "நல்ல சொல்லு. அதைப் போடு," என்றார்.

சஹ்லா இந்த முறை சட்டத்துக்குள் நின்று எழுதினாள். நோயில்லை, சாவில்லை, சமயமில்லை, பெயரில்லை. 'ஒருகாலம் படிக்கட்டின் உச்சியில் நின்று தான் சொன்னதைத் திருப்பி எடுப்பதற்காக, அந்தத் தாய் தினமும் பின்னேரம் ஒரு வெறும் கதிரையைப் பார்த்துத் தன்னுடைய பலினோடைப் பாடினாள்.' அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பெட்டி வந்தது. 'அழகான வாக்கியம். கொஞ்சம் துக்கம். ஆனால் துக்கம் கூடாது என்று சட்டத்தில் இல்லை,' என்று லண்டன் பெண் எழுதியிருந்தார்.

வாக்கியம் வெளியானது. ஒரு மாற்றமும் இல்லாமல்.

பதில் இப்படியும் வரும் என்று அவள் நினைத்ததில்லை. ஒவ்வொரு சொல்லின் கீழும், இதில் பிழை இருக்கிறது என்று தெரிவிக்க ஒரு பொத்தான் உண்டு. அகராதிப் பண்டிதர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதை அழுத்துவார்கள். லண்டனிலிருந்து அப்படி ஒரு முறைப்பாட்டை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். 'இது உங்களுக்கு ஏதாவது விளங்குகிறதா? இல்லையென்றால் அழித்துவிடுகிறேன்.'

முறைப்பாட்டை அனுப்பியவர் பெயர் போர்போ. உதாரணம் பொருத்தமில்லை என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தது. கீழே ஆங்கிலத்தில் சில வரிகள். 'தன் சாவுக்கும் வரக்கூடாது என்று அவர் சொன்னார். நான் வராமல் இருக்கிறேன். வாழ்நாளில் அவர் சொன்னவற்றில் நான் கேட்டு நடந்தது இந்த ஒன்றைத்தான். இதையும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.'

சஹ்லா அதைப் பலமுறை வாசித்தாள். அடுத்த அறையில் உம்மா, "என்ன மகள், சத்தத்தைக் காணேல்ல? ஏதும் வந்திச்சா?" என்றார்.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லுக்குச் சரியான பொருளைத் தேடி எழுதுவதே அவள் பிழைப்பு. ஒரு நிழல் அளவு விலகினாலும் மனம் பொறுக்காது. அப்படிப்பட்டவள் ஆங்கில வரிகளைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைச் சொன்னாள்.

"நானா எழுதியிருக்கான் உம்மா. தனக்கு மனசுல ஒண்டும் இல்லையாம். எப்பவோ மாப்புத் தந்திட்டானாம். உங்களை நினைக்காத நாளே இல்லையாம். சீக்கிரம் வாறானாம்."

உம்மா கண்ணை மூடிக் கேட்டார். ஒரு ரயில் போய் முடிந்தது.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இது உன்ட கதை. அவன் இவ்வளவு வடிவாக் கதைக்கமாட்டான். வாறன் எண்டு சொல்லிட்டு எப்பவாவது வந்திருக்கானா அவன்? உள்ளதைச் சொல்லு மகள். எனக்குப் பொய் கேக்க நேரமில்ல."

சஹ்லா உள்ளதைச் சொன்னாள். ஒரு சொல்லையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் உம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் கையைப் பார்த்தாள். அந்தக் கை குலுங்கியது. உம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் காதுக்குள் ஓட, சத்தமில்லாமல்.

"பாத்தியா? எத்தினை நல்லது சொன்னன். படி எண்டன், தொழு எண்டன், ஈரத் தலையோட படுக்காத எண்டன். இதைப் பிடிச்சு வச்சிருக்கான்." மூச்சு வாங்கியது. "எழுது."

"என்ன எழுத?"

"வா எண்டு எழுது."

"அப்பிடி எழுத ஏலா உம்மா. அரிய சொல்லு வேணும்."

"லேசான சொல்லுக்கு உங்கட ஆப்ல இடமில்லையா?"

"லேசான சொல்லு எல்லாருக்கும் தெரியுந்தானே உம்மா."

"தெரிஞ்சா ஏன் வராம இருக்கான்?"

முறைப்பாடு செய்தவருக்கு எழுதியவர் ஒரு பதில் அனுப்பலாம். வழக்கமாக, உங்கள் கருத்துக்கு நன்றி, கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று அனுப்புவார்கள். அந்தப் பெட்டியில் சஹ்லா உம்மா சொல்லச் சொல்லத் தமிழிலேயே தட்டினாள். 'மகன், உம்மா நான். சொன்னதை எடுத்திட்டன். பத்துப் பேருக்குச் சோறும் குடுத்தாச்சு. சுணங்காம வா.' கீழே வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டாள். அது மாறவில்லை என்று அவனுக்குத் தெரியட்டும்.

லண்டனிலிருந்து ஒரு வரி வந்தது. 'எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் அனுப்பிவிட்டேன்.'

தொலைபேசி அடிக்கவில்லை. மறுநாள் சஹ்லா செயலியைத் திறந்தபோது போர்போவின் பெயருக்குப் பக்கத்தில் வெறுமை. இத்தனை வருஷம் அணையாத சுடர் அணைந்துவிட்டது. இடையில் இருந்த கடைசி நூலையும் தானே இழுத்து அறுத்துவிட்டோம் என்று அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உம்மா கேட்டபோது, "இன்னும் பாக்கேல்லப் போல," என்றாள். இந்த முறை உம்மா உள்ளதைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கதிரையோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலை, சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தபோது மூச்சு ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை.

வீடு நிறைந்தது. பெண்கள் உம்மாவைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். வாப்பாவின் தம்பி புவாத் அடக்கம் செய்ய மையவாடிக்குச் சொல்லிவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பகல் லுஹரோட எடுத்திருவம் நானா. எல்லாம் சொல்லியாச்சு," என்றார்.

"பின்னேரம் அஸருக்கு எடுப்பம்," என்றார் வாப்பா.

"அஸருக்கா? ஏன்? மய்யித்தை வச்சிட்டு இருக்கக்கூடாதே. ஆரும் வர இரிக்கா?"

"இல்ல. அஸருக்கு."

புவாத் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, நேரத்தை மாற்றிச் சொல்ல இறங்கினார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜனாஸா அடக்கத்தைத் தாமதிக்கக்கூடாது என்று மற்ற வீடுகளில் போய் அவசரப்படுத்துகிறவர் ஷரீப். அவர் யாருக்காக நேரம் கேட்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. அவர் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

லுஹர் முடிந்தது. வெயிலில் வாப்பா ஒழுங்கையின் மேல்முனையில், அது காலி வீதியைத் தொடும் இடத்தில் போய் நின்றார். ஒவ்வொரு முச்சக்கரவண்டியும் வேகம் குறையும்போது அவர் கழுத்து கொஞ்சம் நீளும். சஹ்லா ஜன்னலில் இருந்து பார்த்தாள். சுடர் அணைந்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் இறங்கிப் போனாள்.

"வாப்பா, உள்ளுக்கு வாங்க."

"வெயில் தணியட்டும் மகள். தூக்குற ஆக்களுக்குச் சுடும்," என்றார் அவர், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் வரமாட்டான் என்று சொல்லத்தான் அவள் இறங்கி வந்தாள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவரவா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

அஸர் பாங்கு சொன்னது. வாப்பா கடைசியாக ஒருமுறை வீதியின் இரு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, "எடுங்க," என்றார். உம்மாவை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். படிக்கட்டின் வளைவில் அதைச் சாய்க்காமல் இறக்குவதற்குக் கஷ்டப்பட்டார்கள். பெண்கள் மேலே நின்றார்கள். படியில் கால்களின் சத்தம் குறைந்துகொண்டே போய், நின்றது.

ஜாவத்தை மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. புவாத் தேத்தண்ணீர் கொடுத்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். வாப்பா குளிக்கவுமில்லை, சாரத்தை மாற்றவுமில்லை. கூடத்துக் கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது. காலையிலிருந்து துக்கம் விசாரிக்க அடித்துக்கொண்டே இருந்த தொலைபேசி. சஹ்லா எடுத்தாள்.

முதலில் காற்றும் அலையும் கேட்டன. பிறகு ஒரு குரல்.

"சஹ்லா? நான்."

அவள் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கீழ, தண்டவாளத்துக்கு அங்கால கடற்கரையிலதான் நிக்கிறன். என்ட போன் பிளைட் ஏற முதலே சார்ஜ் இல்லாம நிண்டுபோச்சு. எயார்போட்ல ஆரோ ஒருத்தர்ட போனை வாங்கி நம்பரை அடிச்சிட்டு, எடுக்காமத் திருப்பிக் குடுத்திட்டன். இப்பவும் ஒரு கடலைக்காரர்ட போன்ல கதைக்கிறன். உம்மாட மெசேஜைக் கண்ட கையோட டிக்கெட் எடுத்தன் சஹ்லா. முதல்ல கோல் எடுத்திருந்தா பயத்துல ஏறியிருக்கமாட்டன். ரெண்டு பிளைட் மாறி, ஒண்டு லேட்டாகி..." அவன் மூச்சை இழுத்தான். "ஒழுங்கைக்குள்ள வரக் கால் வருதில்ல. உம்மா முழிச்சிரிக்காவா? மேல வரட்டா எண்டு கேட்டுச் சொல்லு."

சஹ்லா வாயைத் திறந்தாள். உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கிடந்த சொற்களைப் பொறுக்கித் துடைத்துக் காட்டியவள். அந்த நேரத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"சஹ்லா? நித்திரையா? நித்திரையெண்டா எழுப்பாத. நான் இங்கயே நிக்கிறன்."

வாப்பா எழுந்து வந்ததை அவள் கவனிக்கவில்லை. அவர் அவள் கையிலிருந்து தொலைபேசியை மெதுவாக வாங்கிக் காதில் வைத்தார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார்.

அந்தப் பக்கம் அலை மட்டும் கேட்டிருக்கவேண்டும். 

"அங்கேயே நில்லு மகன். ஒரு இடமும் போகாத. நான் வாறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். வெள்ளைச் சாரத்தின் கீழ் விளிம்பில், முழங்கால் மடிந்த இடத்தில், இரண்டு கை மணிக்கட்டிலும் மையவாடியின் சிவப்பு மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. மாற்றிவிட்டுப் போங்கள் வாப்பா என்று சொல்ல சஹ்லாவுக்கு வந்தது. சொல்லவில்லை. அந்த மண்ணைக் கண்டவுடன் ஷிஹானுக்கு விளங்கிவிடும். வாப்பா எதையும் வாயால் சொல்லவேண்டி இருக்காது.

அவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே வாப்பா ஒழுங்கையின் ஓரமாக, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல், ஒரு கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார். கடைசி வீட்டைத் தாண்டி, போகும் ரயிலுக்காக ஒரு கணம் நின்று, தண்டவாளத்தைக் கடந்து கடல் பக்கம் இறங்கினார்.